எந்தப் பிரிவில் இருக்கிறது?

“இடஒதுக்கீடு 10 ஆண்டுக்குத்தான்னு அம்பேத்கரே சொன்னாராமே, சார்?” நூலகத்துக்கு வந்த கல்லூரி மாணவி வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். வகுப்பில் இதைச் சொல்லித்தான் அவர் வாயை அடைத்திருக்கிறார்கள்.

நூலகரான நான் பதில் சொல்லவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பைக் கொடுத்து, “எந்தப் பிரிவில் இருக்குன்னு பாரும்மா” என்றேன்.

அரை மணி நேரத்தில் அவரே கண்டுபிடித்தார். காலக்கெடு இருப்பது 334ஆம் பிரிவில். அது நாடாளுமன்ற, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கானது. 10 ஆண்டு என்றிருந்தது திருத்தங்களால் இன்று 80 ஆண்டாகியிருக்கிறது. கல்விக்கான 15(4), அரசு வேலைக்கான 16(4) ஆகியவற்றில் காலக்கெடுவே இல்லை.

நானே சொல்லியிருந்தால், ‘யாரோ சொன்னார்’ என்பதற்குப் பதில் ‘நூலகர் சொன்னார்’ என்றாகியிருக்கும், அவ்வளவுதான். எழுத்தே மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் மூலநூலைத் திறந்து சரிபார்ப்பது வெறும் தேர்வுத் திறன் அல்ல, அது உரிமை.

அடுத்த வாரம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்த அம்பேத்கர் மேற்கோளைக் காட்டி, “இது எந்தத் தொகுதியில, சார்?” என்றார். தேடினேன், கிடைக்கவில்லை. நீக்கிவிட்டேன்.

தோழர்களே, நமக்குப் பிடித்த செய்தியையும் இப்படிக் கேளுங்கள்.