பரணில் கிடக்கும் பாட்டனார்

தகப்பனாரின் பெயரை நாம் நாள்தோறும் எழுதுகிறோம். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இட்டு அழைக்கிறோம். அவருக்கும் முந்தியவர் யார், எந்த ஏரியின் கீழ் உழுதார், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார் என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்களும் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தத் திகைப்பு மிக அதிகம். 1960-களில் தொழிற்சாலைகளும் தொழிற்பேட்டையும் வந்தன, வயல் மனையாயிற்று, வரப்பு தெருவாயிற்று. உழுதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, கீழே இருக்கும் மண் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று அறியாதிருக்கிறார்கள்.

அறிய முடியாதா? முடியும். ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும்தான் சரித்திரம் உண்டு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கூலிக்கு உழுத குடியானவரையும் காகிதத்தில் தேடலாம். 1880-ஐ ஒட்டிப் பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்த முப்பாட்டனார் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பெயர் ராயப்பன் என்று இருக்கட்டும். சொந்த நிலம் இல்லை, எழுத்து வாசனை இல்லை. அவரை எங்கே தேடுவது?

முதல் ஏடு வீட்டுக் கிழவியின் வாய்தான். அவர் தேதி சொல்லமாட்டார், அடையாளம் சொல்வார். ‘தாது வருஷப் பஞ்சம் போன மூன்றாம் வருஷம்’ என்றால் ஏறத்தாழ 1880 என்று கொள்ளலாம். அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கியது. ‘எம்டன் குண்டு போட்ட வருஷம்’ என்றால் 1914. அது செப்டம்பர் 22. ஆனால் வருஷப் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது.

பிறகு தகரப்பெட்டி. கிரயப்பத்திரம், வரி ரசீது, ரயில்வேயில் வேலை பார்த்தவரானால் பணிப்பதிவேட்டின் நகல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய ஜெபப்புத்தகம். அதன் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ பிள்ளைகள் பிறந்த நாளையும் இறந்த நாளையும் யாரேனும் குறித்து வைத்திருப்பார்கள். அட்டை கிழிந்துவிட்டது என்று எத்தனை புத்தகங்கள் பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கின்றனவோ!

இனிக் கோயில் புத்தகம். விவாகத்தையும் ஞானஸ்நானத்தையும் பங்குக் குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று திரிதெந்து சங்கம் 1563-இல் விதித்தது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் மரணப் பதிவையும் சேர்த்தது. பட்டாவில் பெயர் ஏற நிலம் வேண்டும். பத்திரத்தில் பெயர் ஏறப் பணம் வேண்டும். கோயில் ஏட்டில் பெயர் ஏற இரண்டும் தேவைப்படவில்லை. பண்ணையாளின் பிள்ளையும் பண்ணையாரின் பிள்ளையும் ஒரே ஏட்டில், பிறந்த வரிசையில் நிற்கிறார்கள். தம் வாழ்நாளில் தம் பெயரை யாரும் எழுதிப் பார்த்திராத மனிதருக்கு இந்த ஒரு வரிதான் சாட்சி. ஆனால் அந்த வரியைக் கண்டுபிடிக்கச் சிறிது சூட்சுமம் வேண்டும்.

பழைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். அங்கே ராயப்பனைத் தேடினால் கிடைக்கமாட்டார். ‘பெத்ருஸ்’ என்று இருப்பார். சின்னப்பன் ‘பவுலுஸ்’ ஆவார், அருளப்பன் ‘யோவான்னெஸ்’ ஆவார், சூசை ‘யோசேபுஸ்’ ஆவார். ஞானப்பிரகாசத்தை ‘அலோய்சியுஸ்’ என்றும், முடியப்பனை ‘ஸ்தேபானுஸ்’ என்றும், ஆசீர்வாதத்தை ‘பெனெதிக்துஸ்’ என்றும் தேட வேண்டும். இது தெரியாமல், ‘எங்கள் பாட்டனார் பெயரே இல்லை’ என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மாதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அந்நாளைய ஐரோப்பியக் குருக்கள் சிலர் செப்டம்பரைச் சுருக்கி ‘7’ என்ற எண்ணோடு எழுதுவார்கள். இலத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. அதை ஜூலை என்று படித்தால் இரண்டு மாதம் பிசகும். அவ்வாறே 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

பெயரைக் கண்டதும் ஏட்டை மூடிவிட வேண்டாம். ஓரத்தைப் பாருங்கள். ‘நே தேமெரே’ என்னும் ஆணை 1907-இல் வெளியாகி 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவருக்கு எங்கே விவாகம் நடந்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டில் அதைக் குறிக்க வேண்டும். ஆகவே 1908-க்குப் பின் மணந்தவரானால், பிறந்த ஊர் ஏட்டின் ஓரத்தில் மணந்த ஊரும் துணையின் பெயரும் சிறு எழுத்தில் இருக்கலாம். பிழைப்புக்காகப் பெரம்பூர்ப் பக்கம் வந்து குடியேறியவரைப் பின்தொடர இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.

விவாக ஏட்டில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு புதையல் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம் வழக்கம்; திருச்சபைச் சட்டத்தில் அதற்குத் தடை உண்டு; ஆயர் விலக்கு அளித்தால்தான் மணம். அந்த விலக்கை ஏட்டில் எழுதும்போது எத்தனையாம் படி உறவு என்றும் குறிப்பார்கள். இரண்டாம் படி என்றிருந்தால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாட்டன் பாட்டி பொது. இப்படி ஒரு சொல்லிலிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம்! 1983-இல் வந்த புதிய சட்டம் எண்ணும் முறையை மாற்றிவிட்டது. அதே உறவு இப்போது நான்காம் படி. ஏட்டின் ஆண்டைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். கோயில் ஏட்டைக் கரையான் அரித்துவிட்டதா? மனந்தளர வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி, மணப் பதிவுகளின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பதிவுத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்தப் பிரதியைக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்தக் கோயிலில் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல். 1606-இல் ஏற்பட்ட மயிலாப்பூர் மேற்றிராசனம் போர்த்துகீசிய அரசின் ஆதரவில் இருந்தது. 1832-இல் தனியே அமைந்த மதராஸ் ஆட்சிப்பகுதி உரோமையின் நேரடிப் பொறுப்பில் இருந்து, 1886-இல் அதிமேற்றிராசனம் ஆயிற்று. இரண்டும் 1952-இல்தான் ஒன்றாயின. ஆகவே அருகருகே இருந்த இரு ஊர்களின் ஏடுகள் வெவ்வேறு கோயில்களில் இருக்கக்கூடும். ஒன்றில் இல்லையென்றால் அடுத்ததில் பாருங்கள்.

நிலக் காகிதங்களுக்கு வருவோம். இன்றைய ஊர்ப்பெயர்களை வைத்துத் தேடினால் பயனில்லை. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிறந்தது. அதற்கு முன் எல்லாம் செங்கற்பட்டு ஜில்லா, நம் வட்டாரத்துக்குச் சைதாப்பேட்டை தாலுகா. ஊர்க் கணக்குகளைக் காத்த கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். கடன்பட்டுப் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த தாழ்த்தப்பட்ட மக்கள், குடியிருந்த மனையும் தமதல்லாதபடியால் வாய்திறக்க அஞ்சினர் என்பதை அதில் விளக்கினார். 1892 செப்டம்பர் 30-இல் வெளியான அரசாணை அவர்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதுதான். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, பின்னரும் அவ்வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நம் ராயப்பனுக்கு அப்படி ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தால், அந்தக் காகிதம் பரணில் எலிக்கு இரையாகிக் கொண்டிருந்தால், அது பழம்பெருமை மட்டுமன்று; பேரப்பிள்ளைகளின் உரிமையும் அதில் இருக்கலாம். விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் எரித்துவிடாதீர்கள்.

சில குடும்பங்களில், ‘ஒரு தம்பி இருந்தார், கப்பலேறிப் போனார்’ என்பதோடு கதை நின்றுவிடும். அவரையும் தேட முடியும். 1860 நவம்பர் 16-இல் ‘திருரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை அவ்விதம் நேட்டாலுக்குப் போனவர் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறையிலிருந்து ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கூலியாளைத் தப்பவிடக் கூடாது என்று எழுதிய கணக்கு அது. இன்று அங்குள்ள கொள்ளுப்பேரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஊர் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு ஊர்ப்பெயர் தெரியும், உறவு தெரியாது. நமக்கு அவர்கள் போனதே தெரியாது.

பாட்டிமாரைத் தேடுவது இன்னும் கடினம். வருவாய்த் துறைக் காகிதத்தில் பெண் ‘க/பெ’ இன்னார் என்பதோடு சரி. பிறந்த வீடு மறைந்துவிடுகிறது. ஞானஸ்நான ஏட்டிலோ தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரும் உண்டு. ஞானத்தாயாக நின்றவள் பெரும்பாலும் தாய் வழியிலோ தந்தை வழியிலோ ஓர் உறவினள். அவள் ஊரைப் பிடித்தால் பாட்டியின் பிறந்த ஊர் அகப்படலாம்.

பங்குக் கோயிலுக்குப் போகும்போது பெயர், தகப்பன் தாய் பெயர், ஊர், ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஏடு பழையது, தாள் பொடியும், நீங்களே புரட்ட வேண்டாம், எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள். சுவாமியார் அன்று மூன்று ஞானஸ்நானம் கொடுத்து, அவற்றை எழுதவே நேரமின்றி இருப்பார். வாரநாளில், மாலையில் போங்கள்.