வீட்டு ஏக்கத்திற்கு மறதி மருந்தாகாது

எஸ்.பி.எம். தேர்வையும் அதற்கடுத்த புகுமுகக் கல்வியையும் முடித்துவிட்டு மேற்கல்விக்காக வெளிநாடு செல்லும் மாணவர்கள் நம்மிடையே ஆண்டுதோறும் இருக்கிறார்கள். விசா, விமானச் சீட்டு, குளிராடை, கல்விக் கட்டணம் ஆகியவற்றுக்காக அவர்களின் குடும்பங்கள் மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கின்றன. ஆனால், முதல் சில வாரங்களில் வரப்போகும் ஒன்றைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதுதான் வீட்டு ஏக்கம். பேசினால் பிள்ளையின் மனம் தளர்ந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். சொன்னால் கோழை என்று நினைப்பார்களோ என்று பிள்ளை தயங்குகிறது.

வீட்டு ஏக்கம் பலவீனத்தின் அடையாளமன்று. வீட்டை மறந்துவிட முயல்வதும் அதற்குத் தீர்வன்று. கைப்பேசியின் வழியே இரவும் பகலும் வீட்டிலேயே வாழ்வதும் தீர்வன்று. சென்ற ஊரில் நமக்கென்று ஒரு சிறிய அன்றாட வாழ்க்கையை அமைத்துக்கொள்வதே சரியான வழி என்பது என் கருத்து.

முதலில், இந்த ஏக்கம் இன்றைய தலைமுறைக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிய வேண்டும். 1688ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பயின்ற யோகான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், தம் ஆய்வேட்டில் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற புதிய சொல்லையும் அவர் உருவாக்கினார். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞரைப் பற்றி அதில் எழுதியுள்ளார். ஏக்கத்தால் படுத்த படுக்கையான அந்த இளைஞர், சொந்த ஊருக்குப் புறப்பட்டதுமே தேறத் தொடங்கினாராம். இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடைப்பட்ட தொலைவில் அது பாதி. ஆகவே, ஏக்கத்தைத் தொலைவு மட்டும் முடிவு செய்வதில்லை. பழகிய மனிதர்களும் பழகிய ஒழுங்கும் இல்லாமற்போவதே அதற்குக் காரணம்.

முதல் வாரங்கள் கடினமாக இருப்பது ஏன்? இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்குப் பல்கலைக்கழக வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பமாகின்றன. அப்போது அந்நாடு நம்மைவிட 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, அது 8 மணி நேரமாகிவிடும். மாலை 5 மணிக்கு விரிவுரை முடிந்து மாணவர் அறைக்குத் திரும்பும்போது இங்கே நள்ளிரவு. யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றும் வேளையில் வீட்டார் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எழும்வரை விழித்திருந்து பேசினால், அங்கே நள்ளிரவாகிவிடும். அடுத்த நாள் காலை வகுப்பு தவறும், பாடம் பின்தங்கும், கவலை கூடும்.

பேச்சு வழக்கும் குழப்பத்தைத் தரும். நம் ஊரில் ஒருவரைக் கண்டால், ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பது வழக்கம். அங்கே, ‘ஆர் யூ ஆல்ரைட்?’ என்பார்கள். நம்முடைய கேள்வியைப் போலவே அதுவும் ஒருவகை வணக்கம்தான். இதை அறியாத மாணவர், தம் உடல்நிலை பற்றிக் கேட்கிறார்கள் என்றெண்ணிப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டவர் கடந்து போயிருப்பார். ‘இங்கே யாருக்கும் என்மேல் அக்கறை இல்லை’ என்று மனம் தவறாக முடிவு கட்டிவிடும். போதாக்குறைக்கு, தீபாவளி பெரும்பாலும் முதல் பருவத்திலேயே வந்துவிடும். இங்கே வீடு நிறைய உறவினர்கள் கூடியிருக்க, அங்கே அது வகுப்பு நடக்கும் மற்றொரு நாள். குளிர்காலம் நெருங்க நெருங்கப் பகலும் சுருங்கும். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

இந்நிலையில், ‘நம் முன்னோர் கப்பலேறி வந்து எல்லாவற்றையும் தாங்கவில்லையா? கடிதம் வரவே வாரக்கணக்கில் ஆன காலமாயிற்றே!’ என்று சிலர் கேட்பதுண்டு. வீட்டை மறந்து படிப்பில் மூழ்கு என்பது அவர்களின் அறிவுரை. ஆனால், நம் முன்னோர் எதையும் மறந்துவிடவில்லை. கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களுள் பலர், தங்கள் ஊராரோடும் உறவினரோடும் சேர்ந்து வந்தவர்கள். அவர்கள் தோட்டத்தில் கோயில் எழுப்பினார்கள், பண்டிகை கொண்டாடினார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளிகள் உருவாயின. அவர்கள் பட்ட துன்பம் மிகப் பெரிது. எனினும், வந்த இடத்தில் தங்களுக்கென ஒரு வாழ்க்கையை அவர்கள் கட்டியெழுப்பினார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

மாணவர் ஒருவர் இதனை எப்படிச் செய்யலாம் என்பதற்குக் காந்தியடிகளின் இளமைக்காலம் நல்ல சான்று. 1888ஆம் ஆண்டு செப்டம்பரில், சட்டம் பயில மும்பையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 18. இரவில் தாயையும் வீட்டையும் நினைத்து அழுததைத் தம் தன்வரலாறான ‘சத்திய சோதனை’யில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்திருந்ததால் உணவும் பெரும் சிக்கலாயிற்று. தங்கியிருந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கக் கூச்சப்பட்டு அரைவயிற்றோடு இருந்தார். பின்னர், லண்டன் தெருக்களில் நெடுந்தொலைவு நடந்து, பாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தாமே சமைக்கவும் தொடங்கினார். சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழு உறுப்பினரும் ஆனார். தாய்க்குக் கொடுத்த வாக்கே அவருக்குப் புதிய நண்பர்களையும் தந்தது என்பதைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து கொண்டுசென்ற ஒன்றைக் கொண்டே அவர் புதிய ஊரில் தமக்கோர் இடத்தைத் தேடிக்கொண்டார்.

இன்றைய மாணவரும் அவ்வாறே தொடங்கலாம். பருப்புக் கறியோ ரசமோ, ஒன்றிரண்டு உணவுகளைச் சமைக்கத் தெரிந்தால் போதும். விடுதியின் பொதுச் சமையலறையில் அதைச் சமைத்துப் பக்கத்து அறை மாணவரோடு பகிர்ந்துண்டால் பேச்சு தானாகவே தொடங்கும். வாரந்தோறும் ஒரே கடைக்கு, ஒரே நூலகத்துக்கு, ஒரே விளையாட்டுத் திடலுக்குச் சென்றுவந்தால் தெரிந்த முகங்கள் பெருகும். மாணவர் சங்கம் ஒன்றில் சேர்ந்தால், தீபாவளியைத் தனியே கழிக்க வேண்டிய நிலை வராமலும் போகலாம். இவை சிறிய செயல்கள்தாம். ஆனால், புதிய ஊரைப் பழகிய ஊராக மாற்றுபவை இவையே.

கைப்பேசியை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. வீட்டாரின் குரல் ஆறுதல் தரும். எனினும், புலனத்தில் குடும்பக் குழுவை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதிரில் அமர்ந்திருக்கும் மாணவர் கண்ணில் படமாட்டார். இங்கிலாந்தில் மதியம் 1 மணி என்றால் இங்கே இரவு 8 அல்லது 9 மணி. சனி, ஞாயிறுகளில் அந்நேரத்தை அழைப்புக்கென ஒதுக்கிக்கொண்டால் இரு தரப்பினரின் உறக்கமும் கெடாது. வாரம் முழுவதும் நடந்தவற்றைச் சொல்லவும் செய்தி இருக்கும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை அழும்போது, ‘அழாதே, செலவு செய்து அனுப்பியிருக்கிறோம்’ என்று சொன்னால் அடுத்த முறை பிள்ளை உண்மையைச் சொல்லாது. ‘உடனே திரும்பி வந்துவிடு’ என்று பதறினால் இருக்கும் துணிவும் போய்விடும். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, ‘நாளை என்ன செய்யப் போகிறாய்?’ என்று வினவுவதே நலம்.

பொதுவாக, நாள்கள் செல்லச் செல்ல ஏக்கத்தின் கடுமை குறையும். வாரங்கள் பல கடந்தும் உண்ண முடியவில்லை, உறங்க முடியவில்லை, வகுப்புக்குப் போக மனமில்லை என்ற நிலை தொடர்ந்தால் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பல்கலைக்கழகங்களில் மாணவர் நல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதைப் போல அவர்களை நாடுவதிலும் வெட்கமில்லை. எல்லாம் செய்தும் இயலாமல் ஒருவர் நாடு திரும்ப முடிவெடுத்தால், அவரை ஏளனம் செய்ய நமக்கு உரிமையும் இல்லை.

இதற்கான ஆயத்தத்தை இடைநிலைப்பள்ளியிலேயே தொடங்கிவிடலாம். தன் துணியைத் தானே துவைப்பது, ஒரு வேளை உணவைச் சமைப்பது, கைச்செலவுக்குக் கணக்கு வைப்பது, அறிமுகமில்லாத ஒருவரிடம் முதலில் பேசுவது ஆகிய நான்கையும் வீட்டிலிருக்கும்போதே பழகிக்கொள்ளலாம். வெளிநாடு செல்பவருக்கு மட்டுமன்றி, நாளை சபாவிலோ பினாங்கிலோ விடுதியில் தங்கிப் பயிலப் போகிறவருக்கும் இப்பழக்கங்கள் கைகொடுக்கும்.

வீட்டை நினைத்துக் கண் கலங்குபவர், அன்புள்ள ஒரு வீட்டில் வளர்ந்தவர். அதற்காக அவர் நாணத் தேவையில்லை. அந்த அன்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறைக் கதவைத் திறந்து அவர் வெளியே வர வேண்டும்.