தறிக்குழியில் ஒரு கால்

தறிக்குழியைப் பெருக்க இறங்கிய சித்தி, மிதிகட்டையில் கறுத்துக் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு முதலில் எலி ஏதோ கடித்துப் போட்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள். அப்புறம் சித்தப்பாவின் வலது காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தால், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். "ஏங்க, வலிக்கலையா உங்களுக்கு?" என்று கத்தியிருக்கிறாள். "எனக்குத் தெரியவே இல்லியே" என்றாராம். அந்தக் காலோடு எத்தனை நாள் மிதித்தாரோ. சேலையில் உடல் முடிந்து முந்தானை ஏறியிருந்தது.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். பாதத்தில் உணர்ச்சி எப்போது போனது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தேசூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். நாடா ஓடுகிற கையையும் இழை அறுந்தால் முடிகிற விரலையும் எல்லாரும் பார்ப்போம். குழிக்குள் இருக்கிற காலை யார் பார்க்கிறோம்?

புண்ணுக்குக் காரணம் தேடப் போனபோதுதான் வீட்டுக் கணக்கு வெளியே வந்தது. தனியார் டாக்டர் எழுதிய மாத்திரைக்கு மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய். ஆடியில் ஆர்டர் குறைந்து, பாவு வரத் தாமதமாகி, கூலி தள்ளிப்போனபோது சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிக்கொண்டார். அட்டை இரட்டிப்பு நாள் வரும் அல்லவா. அமெரிக்காவில் இன்சுலின் வாங்க முடியாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அங்கே அது பெரிய பிரச்சினையாகி, முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் 2023 முதல் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டமே வந்தது. அதே காரியம் எங்கள் வீட்டு அலமாரியில் நடந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"சர்க்காரு மாத்திர வேல செய்யாது பாப்பா" என்பது சித்தப்பாவின் பல வருஷத்து நம்பிக்கை. ஊரில் பாதிப் பேருக்கு இதே நம்பிக்கைதான். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது, அதனால்தான் விலை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வந்த சரக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே போகும். வேறு மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. மெட்ஃபார்மின் என்பது மெட்ஃபார்மின்தான், பளபளக்கிற அட்டையில் இருந்தாலும் "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்த அட்டையில் இருந்தாலும்.

அந்த மாத்திரைக்காகத் தறியை விட்டு ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்ததுதான் முன்பு பெரிய தடை. அது பாதி தீர்ந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. சுகாதாரத் தன்னார்வலராக வரும் பெண் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பார். சித்தப்பா பெயரைப் பதிய ஒரு நாள் அலைந்ததோடு சரி. ஆயிரத்து நானூறில் பெரும் பகுதி அன்றோடு நின்றது.

டாக்டர் எழுதிய மருந்து அரசுப் பட்டியலில் இல்லையென்றால் அடுத்த இடம் முதல்வர் மருந்தகம். 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க ஆயிரம் கடைகளைத் திறந்தார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் இருக்கிறது. இரண்டிலும் கம்பெனிப் பெயரைக் கேட்காமல் மருந்தின் பெயரைக் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சர்க்கரைக்கான புதிய மாத்திரைகள் சிலவற்றின் காப்புரிமை அண்மையில் முடிந்துவிட்டது. சிட்டாகிளிப்டினுக்கு 2022இல், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். அறுபது ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையைப் பல கம்பெனிகள் போட்டி போட்டு இறக்க, பத்து ரூபாய்க்கும் கீழே கிடைக்க ஆரம்பித்தது. பழைய சீட்டைப் புதுப்பிக்காமல் பழைய விலையே கொடுத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எனக்கே இரண்டு தெரியும். அடுத்த முறை போகும்போது "இதுலயே விலை கம்மியானது இருக்கா சார்?" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

புண் ஆறுவதற்காக சித்தப்பாவுக்கு இன்சுலின் தொடங்கினார்கள். பாட்டில் அரசு மருத்துவமனையில் இலவசம். ஒரு முறை ஊசி தீர்ந்துபோய், வெளியே ஒரு கடையில் வாங்கினோம். ஒரு வாரம் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை. "சோறு கட்டுப்பாடில்ல" என்று எல்லாரும் சித்தப்பாவைத் திட்டினோம், நானும் திட்டினேன். மருந்து கட்டப் போன இடத்தில் நர்ஸம்மா ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது ஆரஞ்சு மூடி. உங்க பாட்டிலுக்கு சிவப்பு மூடி ஊசிதான் போடணும்" என்றார். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி ஊசி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு ஊசியில் இருபதாம் கோடு வரை இழுத்தால் சித்தப்பாவின் உடம்புக்குள் போனது எட்டு யூனிட். மாற்றி நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு ஏறி ஆள் மயங்கியிருப்பார். பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, ஊசியிலும் 40 என்று இருக்கிறதா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் மூடியின் நிறத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. சித்தி, மூலையில் மணலைக் கொட்டி, நனைத்து, அதன்மேல் மண்பானை வைத்து, பானைக்குள் ஒரு சில்வர் டப்பாவில் பாட்டிலை வைத்திருக்கிறாள். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பாள். திறக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும்தான். திறந்து உபயோகிக்கிற பாட்டிலுக்கு இந்தப் பானை போதும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, 25க்கும் 37க்கும் இடையே வெப்பம் ஏறி இறங்கும் சூழலில் நான்கு வாரம் வைத்த இன்சுலினைச் சோதித்து, வீரியம் கெடவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். கென்யாவின் அகதி முகாமில் பதிவான வெப்பநிலையை வைத்துச் செய்த ஆய்வு அது. சித்திக்கு இதைச் சொன்னபோது, "எங்கம்மா வெத்தல வாடாம இருக்க இப்பிடித்தான் வெப்பாங்க" என்றாள்.

ஆக, மாத்திரை இலவசம், இன்சுலின் இலவசம். இலவசம் இல்லாதது ஸ்ட்ரிப். விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிற அந்தச் சின்னப் பட்டை. மெஷின் மலிவு, சில சமயம் சும்மாவே தருகிறார்கள். அதற்குள் போகிற ஸ்ட்ரிப் ஒன்று பதினைந்து, இருபது ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் இன்சுலின் போடுகிறவர் தினம் ஒன்று பார்த்தாலும் மாதம் நானூற்றைம்பதுக்குக் குறையாது. நாட்கூலி நெசவாளி முதலில் வெட்டுகிற செலவு இதுதான். பார்க்காமல் குத்தினால் ஒன்று தாழ்கிறது, இல்லை ஏறுகிறது. சித்தப்பா வாரம் ஒரு நாள் பார்க்கிறார், அதுவும் நான் ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டு போனால்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. அது எத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான், அதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் சித்தப்பாவின் கால் அழுகிப் படுக்கையில் போட்டால்தான் அந்த அட்டைக்கு வேலை. கால் அழுகாமல் இருக்கத் தேவையான ஸ்ட்ரிப்புக்கும் செருப்புக்கும் அதில் இடம் இல்லை.

முன்பு இருந்தது. 2005-06 வாக்கில் கைத்தறி நெசவாளர்களுக்கென்றே மத்திய அரசு ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு வருஷம் 15,000 ரூபாய், அதில் 7,500 படுக்காமல் வெளியே பார்க்கிற வைத்தியத்துக்கு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் தறியில் உட்கார்ந்து தேய்கிற உடம்புக்கு என்ன தேவை என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு திட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, தொகை லட்சங்களாக வளர்ந்து, அந்த வெளிநோயாளி ஒதுக்கீடு மட்டும் காணாமல் போய்விட்டது. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. அத்தனை பேரும் படுத்த பிறகுதான் கவனிப்போம் என்றால் எந்தக் காப்பீடு தாங்கும்?

செருப்பு என்று சொன்னேன் அல்லவா. ஆரணியில் பஸ் மாறி வேலூர் போய் சித்தப்பாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். மெத்தென்ற நுண்ணறை ரப்பர். சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் பால் பிராண்டும் கரிகிரி மருத்துவமனைக்காரர்களும் தொழுநோயில் மரத்த கால்களுக்காக வளர்த்தெடுத்தது. இன்று சர்க்கரையில் மரத்த கால்களுக்கும் அதுவே துணை. தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார். தறியில் உட்கார்ந்தால் வெறுங்கால்தான். மிதிகட்டைக்கு என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் சித்தியே பழைய எம்.சி.ஆர். துண்டு ஒன்றை வெட்டிக் கட்டையின் மேல் வைத்துக் கட்டினாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்துப் பார்க்கிறாள்.

வருகிற திங்கள்கிழமை திருவண்ணாமலை குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பது இரண்டு: இன்சுலின் போடுகிற நெசவாளிக்கு வீட்டில் பார்க்க மாதம் இருபத்தைந்து ஸ்ட்ரிப், காப்பீட்டில் நெசவாளருக்குப் பழைய வெளிநோயாளி ஒதுக்கீடு. இதுவரை பதினெட்டுக் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. சித்தப்பா மனுவை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோனார்.

"எழுத்து மங்கலா தெரியுதும்மா. நீயே படிச்சுக் காட்டு."

கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.