சோறுகள், சீனிகள், உம்மாமார்: பன்மைப் பாடம் சிரிப்போடு நடக்கட்டும்

"இன்று இலக்கணம்" என்று சொன்னதும் பிள்ளைகளின் முகம் வாடுவதை ஆசிரியர்கள் நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஒருமை பன்மை இலகுவான பாடம். அதற்கே இந்தப் பாடு என்றால் குறை பிள்ளையில் இல்லை. விதியைக் கரும்பலகையில் எழுதி, கீழே இருபது சொற்களைப் போட்டு, "பன்மையாக்குக" என்று விடும் பழைய முறையில்தான் இருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான். சொற்கள் முதலில் வரட்டும், அவையும் பிள்ளையின் வீட்டிலிருந்து வரட்டும். விதி கடைசியில் வந்தால் போதும்.

வீட்டிலும் தெருவிலும் கண்ட ஐந்து பொருட்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி வரச் சொல்வோம். வகுப்பில் ஒவ்வொன்றோடும் "கள்" சேர்த்துச் சத்தமாகச் சொல்லி, மாறும் விதத்தைப் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரிக்கட்டும். கதிரைகள், கொப்பிகள், நண்டுகள் ஒரு குவியல். இவற்றில் ஒன்றும் மாறவில்லை. மரங்கள், படங்கள் இன்னொன்று. "ம்" போய் "ங்" வந்துவிட்டது. பூக்கள், பசுக்கள்; இங்கே இடையில் ஒரு "க்" புகுந்துவிட்டது. பற்கள், முட்கள், "ல்" "ற்" ஆனது, "ள்" "ட்" ஆனது.

அப்போது யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "பல், பற்கள் என்றால் கால் ஏன் காற்கள் இல்லை?" பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கல், சொல், பல்லில் முதலெழுத்து குறில். கால், நூல், வாலில் நெடில். "தனிக்குறில்" என்ற சொல்லை அந்த இடத்தில் கொடுத்தால் பிள்ளை மறக்காது. அது கேட்ட கேள்விக்கான விடையல்லவா!

பிறகு சோறு, சீனி, தண்ணீர், மணல். "சோறுகள், சீனிகள்" என்று சொல்லிப் பார்த்து வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிந்ததும், எண்ண முடிந்ததற்கும் அளக்க மட்டும் முடிந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள்.

இதற்குச் செலவு இல்லை. ஒரு பாடவேளை போதும்.

இன்னொரு விடயம். இது எங்களுக்கு விளையாட்டு அல்ல. "ராத்தாமார்", "உம்மாமார்" என்று எழுதும் பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு விழுகிறது, பேச்சுவழக்கு என்று. "தாய்மார்" சரி என்றால் "உம்மாமார்" எப்படிப் பிழையாகும்? "மார்" தமிழ் இலக்கணம் ஏற்றுக்கொண்ட பன்மை விகுதி. கடையில் "பத்து முட்டை தாங்க" என்று கேட்கும் பிள்ளையும் பிழை விடவில்லை. அஃறிணைப் பெயர் "கள்" இல்லாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும். மாடு வந்தது, மாடு வந்தன என்று வினைதான் எண்ணைக் காட்டும். இதைத்தான் நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது.

வீட்டு மொழி முழுவதும் பிழை என்று கேட்டு வளரும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது. அந்த மௌனம் சாதாரண தரப் பரீட்சை மண்டபம் வரைக்கும் கூடவே போகும்.

உண்மையில் எங்கள் பிள்ளைகளின் கையில் நான்கு மொழிகளின் பன்மை இருக்கிறது. சிங்களத்தில் "மல" என்றால் பூ, "மல்" என்றால் பூக்கள். பன்மையில் சொல் குறுகிப் போவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். ஆங்கிலத்தில் "சைல்ட்", "சில்ட்ரன்" ஆகிறது. அரபியில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் நடுவே இரண்டுக்கென்றே தனி வடிவம் உண்டு. "ஆலிம்" ஒருமை, "உலமா" பன்மை. நாமோ அதோடு "கள்" சேர்த்து "உலமாக்கள்" என்கிறோம். பன்மைக்கு மேல் பன்மை! இது பிழையல்ல, வந்த சொல்லைத் தமிழ் தன் வழக்கப்படி எடுத்துக்கொண்டது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி கேட்டுப் பாருங்கள். மத்ரஸாவில் படித்ததும் பாடசாலையில் படிப்பதும் ஒரே தலைக்குள் சந்திக்கும்.

பெற்றோரே, இன்று இரவுச் சாப்பாட்டில் இருக்கும் ஐந்து பொருட்களுக்குப் பன்மை கேளுங்கள். பிழையாகச் சொன்னால் திருத்த அவசரப்படாமல், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, சிவப்புப் பேனையை எடுக்குமுன் அந்தச் சொல் யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசிப்போம்.