பூண்டைத் தட்டிப் போடுங்க!

தோழர்களே, நம்ம திண்டுக்கல் பக்கத்துப் பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் சிவந்த புண்ணோடு மிதந்தால், பல நேரம் காரணம் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாதான். உடனே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கிறார்கள். அத்தனையும் மீன் வயிற்றுக்குள்ளா போகிறது? மிச்சம் தண்ணீரிலும் சேற்றிலும் தங்கி, அந்த மருந்துக்கே அசையாத கிருமிகளை வளர்த்துவிடுகிறது. குளோராம்பெனிக்காலை மீன் வளர்ப்பில் தொடவே கூடாது என்று தடை இருக்கிறது.

மாற்று நம்ம மாவட்டத்திலேயே விளைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைச் சொல்கிறேன். ஆனால் ஒரு சங்கதி. கிருமியை அடிக்கும் அல்லிசின் முழுப் பூண்டில் கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லினும் அல்லினேஸ் என்ற என்சைமும் கலந்து அது உண்டாகிறது. முழுசாகத் தீவனத்தோடு வேகவைத்தால் என்சைம் போச்சு! தட்டி, பத்து நிமிடம் விட்டு, ஆறிய தீவனத்தில் பிசைய வேண்டும்.

வேம்பு கதை வேறு. சாறு அளவு மீறினால் மீனே செத்துப்போகும். ‘இயற்கைதானே, எவ்வளவு ஊத்தினா என்ன?’ என்பவர்களோடு எனக்குச் சண்டைதான். பாட்டி வைத்தியம் என்று சிரிப்பவர்களோடும் சண்டைதான். கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

வருஷா வருஷம் அதே தண்ணீர்த்தொட்டி அலாரத்தையே புராஜெக்டாகச் செய்கிறோமே! அகார் தட்டில் கிருமி வளராத வட்டத்தை அளக்கும் வேலையை காந்திகிராமப் பல்கலைக்கழக உயிரியல் துறையிடம் கேட்டுப் பார்க்கலாம். சூடேறாமல் பூண்டு அரைத்துத் தீவனத்தோடு கலக்கும் சின்ன மெஷினை மெக்கானிக்கல் பிரிவு செய்யட்டும். நான் பேர் கொடுக்கத் தயார். கூட இரண்டு பேர் வாங்க.