மழைக்கோட்டுப் பரீட்சை

மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. கடைக்குள் மழை பெய்வதில்லை. மின்விசிறியின் கீழ்க் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்க்கும்போது எல்லாக் கோட்டுகளும் நல்ல கோட்டுகளாகவே தோன்றுகின்றன. நீலகிரியின் மேற்குச் சரிவில் ஆடி மாதச் சாரலில் மூன்று மணி நேரம் நடந்த பிறகுதான் அவற்றின் யோக்கியதை வெளியாகிறது. அதற்குள் விலைச்சீட்டு பையிலேயே கூழாகிவிடுகிறது.

இவ்விஷயத்தில் நமக்குத் திடீரென்று அக்கறை பிறந்ததற்குக் காரணம் உண்டு. சொல்லச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் நம் பள்ளிப் பிள்ளைகள் பன்னிருவரைக் குந்தா வட்டத்து மஞ்சூருக்கு அழைத்துச் சென்றோம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் எழுதியவர் நாமே. 'இரண்டு ஜோடி உடை, ஒரு மழைக்கோட்டு, ஒரு துண்டு' என்று எழுதினோம். பட்டதாரி ஆசிரியர் எழுதிய பட்டியலாயிற்றே என்று பெற்றோரும் நம்பிவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்திருப்போம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்தங்கினான். அடிக்கடி கால் இடறிற்று. என்னடா என்று கேட்டால் பதில் குழறி வந்தது. சோம்பல் என்று எண்ணி நாம் அதட்டினோம். அருகே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "சார், அதட்டாதீங்க. புள்ளைக்கு விறைச்சுப் போச்சு" என்றாள். அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், நனைந்த சட்டையைக் கழற்றித் துவட்டி, கம்பளி ஒன்றைச் சுற்றி, சர்க்கரை நிறையப் போட்ட சாயத்தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்தாள். சற்று நேரத்திற்கெல்லாம் பையன் தெளிந்து சிரித்தான். நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மனித உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பனிமலை வேண்டும் என்பதில்லை. 10 டிகிரிக் குளிரும், மழையும், காற்றும் ஒன்றுசேர்ந்தால் போதும். நீர், காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த உடையோடு காற்றில் நிற்பவன் தன் உடலின் சூட்டை மலைக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறான். நடுக்கமும், கை தடுமாறுவதும், கால் இடறுவதும், பேச்சுக் குழறுவதும் அதன் அடையாளங்கள். இவ்வளவையும் பாடப்புத்தகத்தில் படித்தவர் நாம். கண்டறிந்தவளோ கொழுந்து கிள்ளும் அம்மாள்.

அந்தப் பையன் அணிந்திருந்தது கனத்த நீல ஜீன்ஸும் பருத்திச் சட்டையும். பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. நாம் கதர்ப் பிரியர். நாட்டுச் சமவெளிக்குக் கதரைப் போன்ற உடை வேறில்லை என்று இன்றும் வாதாடுவோம். ஆனால் குளிர்மழையில் கதரும் மில் துணியும் ஒன்றே, இரண்டும் கைவிட்டுவிடும்.

ஆகவே இவ்வாண்டு பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் நாமே எல்லாவற்றையும் பரீட்சித்துவிடுவது என்று தீர்மானித்தோம். நம்மிடம் இருந்த பழைய ரப்பர்க் கோட்டு ஒன்று. நண்பர் ஒருவரிடம் கெஞ்சிப் பெற்ற விலையுயர்ந்த கோட்டு ஒன்று.

ரப்பர்க் கோட்டின் வமிசம் பெரிது. 1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளின் இடையே பூசி ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். மழை உள்ளே வராது என்பது அதன் பெருமை. வேர்வை வெளியே போகாது என்பது சிறுமை. இந்தக் குறையைத் தீர்க்க வழி பிறந்தது 1969-ல். அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் என்ற பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிந்தது. நீர்த்துளி புக முடியாது. நீராவி புகுந்து வெளியேறும். அதுவே கோர்டெக்ஸ். இவ்வகைக் கோட்டுகளின் சீட்டில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை நிரப்பினால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரையில் ஒழுகாமல் தாங்கும் என்பதே அதன் பொருள். ஆனால் அது துணியைப் பற்றிய கணக்கு. தையலையும் ஜிப்பையும் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அதற்கு நாம் கண்ட பரீட்சை செலவில்லாதது. கோட்டுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, பொத்தான்களைப் போட்டு, குளியலறைக் குழாயின் கீழ் அரைமணி நேரம் தொங்கவிட்டோம். தாள் நனைந்த இடத்தில் கோட்டு ஒழுகுகிறது என்று அர்த்தம். நம் ரப்பர்க் கோட்டு தோள் தையல் இரண்டிலும் தோற்றது. உட்புறம் பட்டை ஒட்டி அடைத்தோம். வீட்டிலுள்ளவர்கள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

பிறகு மஞ்சூர். தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு தோட்டப் பாதையிலேயே நடந்தோம்; காட்டுப் பாதைக்கு வன இலாகாவின் அநுமதி வேண்டும். முதல் நாள் ரப்பர்க் கோட்டு. ஏற்றத்தில் அரைமணி நடப்பதற்குள் உள்ளே வேர்வை வழிந்தது. நடக்கும்வரை சூடாக இருந்தது. நின்றதும் நடுக்கம் கண்டது. பொத்தானைத் தளர்த்தி மெதுவாக ஏறியபோது நிலைமை பாதி சீர்ப்பட்டது. இரண்டாம் நாள் நண்பரின் கோட்டு. காலையில் நீர் முத்து முத்தாக உருண்டோடியது. பிற்பகலில் பைவார் அழுந்திய தோள்களில் வெளித்துணி ஈரம் குடித்து இருண்டது. சவ்வு ஒழுகவில்லை, ஆனால் வெளித்துணி நனைந்துவிட்டால் நீராவிக்கு வழி அடைபடும். உள்ளே மறுபடியும் வேர்வை! விசாரித்ததில், நண்பர் அதை வாங்கிய நாள் முதல் துவைத்ததே இல்லையாம். அழுக்கு நீங்கத் துவைத்து இளஞ்சூடு காட்டினால் மேற்பூச்சு மீண்டும் வேலை செய்யும். குடையையும் சோதித்தோம். காற்றில்லாத வேளையில் எல்லாக் கோட்டுகளையும் அது வென்றது. ஆடிக் காற்று எழுந்ததும் தாமரையாக மலர்ந்துவிட்டது.

ஆக, கோட்டு எதுவானாலும் உள்ளே ஈரம் சேரத்தான் சேரும். ஆதலால் உடம்பை ஒட்டிய உடையே பிரதானம். கம்பளி நூல் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் ஈரமாகத் தோன்றாது. நனைந்தும் காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கும். 1924-ல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரி உடுத்திருந்தவை பட்டும், பருத்தியும், கம்பளியும், காபர்டீனுமே. 1999-ல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டபின், அதே மாதிரி உடைகளை நெய்து 2006-ல் எவரெஸ்டிலேயே அணிந்து பார்த்தபோது அவை நன்றாகவே உழைத்தன.

கம்பளிக்கு வசதியில்லாதவர்களுக்கு? இந்தக் கேள்விக்கு விடை நம் பள்ளி மைதானத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டை பாலியஸ்டர். கோடையில் நாம் திட்டித் தீர்க்கும் துணி. நூல் நீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. பிழிந்து உதறினால் பாதி உலர்ந்துவிடும். ஒவ்வொருவனிடமும் ஒன்று இருக்கிறது. புதிய பட்டியலில் முதலாவதாக அதை எழுதினோம். அதன்மேல் ஸ்வெட்டர், கம்பளிக் குல்லாய், தையல் அடைத்த சாதாரண மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிய உலர்ந்த உடை ஒரு ஜோடி, தங்குமிடம் சேரும்வரை அதை அவிழ்க்கக் கூடாது, கடலை மிட்டாய், அட்டைப்பூச்சிக்கு உப்பு முடிச்சு. ஜீன்ஸ் வேண்டாம் என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டோம். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் பிரயாணமே கிடையாது என்றும் சேர்த்தோம். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. அதற்குத் தாங்கும் கோட்டு எந்தக் கடையிலும் இல்லை.

சென்ற ஆண்டு பையனைச் சுற்றி அனுப்பிய கம்பளியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. சலவை செய்து எடுத்துப்போனோம். அந்த அம்மாளின் பெற்றோர் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களாம். "அங்கேயும் இதே கம்பளிதான் சார், அம்மா சொல்லும்" என்றாள். பிறகு நாம் அணிந்திருந்த நண்பரின் கோட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, என்ன விலை என்று கேட்டாள். பாதி விலைதான் சொன்னோம். அதற்கே அவள் நம் முகத்தைச் சற்று நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள்.