முதல் ஆஃப்ரோடு பக்கி: விலை கேக்குறதுக்கு முன்னாடி எங்க ஓட்டப் போறீங்கன்னு சொல்லுங்க

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ கண்ணுல படும். கூரை கிடையாது, கதவு கிடையாது, சுத்தி இரும்புக் குழாய்க் கூண்டு, பெரிய பெரிய டயர். சேறு தெறிக்கத் தெறிக்கப் பாறை மேல ஏறிப் போகும். மறுநாள் மதியம் கேன்டீன்ல உக்காந்து விலை தேடுவீங்க. செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு மூணு லட்சத்துக்குக் கிடைக்கும்னு தெரிஞ்சதும் மனசுக்குள்ள இஎம்ஐ கால்குலேட்டர் தானா ஓட ஆரம்பிச்சிடும்.

எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

2019. கோவையில வேலை, வயசு 26, கைக்கு வர்ற சம்பளம் 42,000. ஒரு ரிசார்ட்ல பழைய 200 சிசி பக்கி ஒண்ணு விலைக்கு வந்துச்சு. 3 லட்சம். பேங்க்ல இருந்து "உங்களுக்கு ப்ரீ அப்ரூவ்டு லோன் ரெடி சார்"னு போன் வந்த வாரமும் அதே வாரம். 14 சதவீத வட்டி, 36 மாசம், மாசம் 10,253 ரூபாய். சம்பளத்துல கால் பங்குதானேன்னு கையெழுத்துப் போட்டேன். அந்த ஆப்ல வட்டி மொத்தம் 69,000-னு சின்ன எழுத்துல இருந்தத நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போட்டேன், அதான் கொடுமை.

வண்டி வந்து இறங்கின அன்னிக்குத்தான் முதல் கேள்வி முளைச்சுது. இத எங்க நிறுத்துறது? அபார்ட்மென்ட்ல ஒரு பைக் பார்க்கிங்தான். பொள்ளாச்சிப் பக்கம் மாமாவோட தென்னந்தோப்பு இருந்ததால தப்பிச்சேன். ஆனா தோப்புக்கும் எனக்கும் நடுவுல 40 கிலோமீட்டருக்கு மேல தார் ரோடு. அந்த ரோட்டுல இந்த வண்டி ஓடக்கூடாது.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஒரு வண்டி பொது ரோட்டுல ஓடணும்னா அந்த மாடலுக்கு முதல்ல டைப் அப்ரூவல் வாங்கியிருக்கணும். அப்புறம்தான் ஆர்டிஓ ஆபீஸ்ல பதிவு, ஆர்சி, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம். நம்ம ஊர்ல விக்குற பக்கி, ஏடிவி வகைகள்ல பெரும்பாலானதுக்கு அந்த அப்ரூவல் இல்ல. ஒரு கம்பெனி ஏடிவி ஒண்ண டிராக்டர் வகையில பதிவு பண்ற மாதிரி கொண்டுவந்தாங்க, ஆனா அது விதிவிலக்கு, விலையும் லட்சங்கள்ல. மத்ததெல்லாம் ரிசார்ட், தோட்டம், வேலி போட்ட டிராக் இதுக்குள்ளதான். நம்பர் பிளேட் இல்லாம டீக்கடை வரைக்கும் போய்ட்டு வந்தாலும் கேஸ்தான். நடுவுல யார் மேலயாவது மோதிட்டா தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கிடையாது. நஷ்டஈடு மொத்தமும் உங்க கையில இருந்து போகும், அது உங்க பத்து வருஷ எஸ்ஐபியா இருந்தாலும் சரி.

"நானே ஒரு பழைய மாருதி 800 வாங்கி, பாடிய வெட்டி, பக்கியா மாத்திக்கிறேன் ப்ரோ"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டாம் ப்ரோ. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்ப மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைத் தண்டனை கூட உண்டு. வெல்டிங் பட்டறைக்காரர் இத உங்ககிட்ட சொல்ல மாட்டார்.

நம்ம கதைக்கு வருவோம். தோப்புக்குப் பின்னாடி ஒரு கரடு இருக்கு. சின்னதுதான், ஆனா சரளைக்கல்லு. மூணாவது தடவை போனப்ப நண்பன் ஒருத்தன் பக்கத்து சீட்ல. பாதி ஏறினதும் இன்ஜின் திணறுச்சு, ரப்பர் கருகுற வாடை வந்துச்சு. சிவிடி பெல்ட் சூடாகி வழுக்க ஆரம்பிச்சா வர்ற வாடை அது. ஆக்சிலேட்டர விட்டேன். என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. ஸ்கூட்டர்ல இருக்குற மாதிரி சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச்தான் அதுல. ஆர்பிஎம் குறைஞ்சதும் கிளட்ச் கழண்டுக்கும், இன்ஜின் வண்டிய இழுத்துப் பிடிக்காது. பின்னாடி உருள ஆரம்பிச்சுது. பதட்டத்துல ஸ்டீயரிங்க ஒடிச்சேன். சரிவுல ஏற முடியாமப் போனா நேரா பின்னாடி இறங்கணும், திருப்பவே கூடாதுன்னு ஆஃப்ரோடு ஓட்டுறவங்க முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. வண்டி பக்கவாட்டுல கவுந்துச்சு.

எனக்கு முழங்கைல சிராய்ப்பு. பெல்ட் போடாத நண்பனுக்குக் காறை எலும்பு முறிஞ்சது. அவன் அப்பத்தான் ஒரு கம்பெனிய விட்டு இன்னொண்ணுல சேர ரெண்டு வாரம் இடைவெளியில இருந்தான். பழைய கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் முடிஞ்சது, புதுசு ஆரம்பிக்கல. பில் 1.2 லட்சம். பாதிய நான் கொடுத்தேன். இன்னிக்கும் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல, அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

அப்புறம் 2020. லாக்டவுன், சம்பள வெட்டு. வண்டி தோப்புல தார்ப்பாய்க்கு அடியில. மாரட்டோரியம் எடுத்தா வட்டி ஏறும்னு எடுக்கல, எஸ்ஐபிய நிறுத்தி இஎம்ஐ கட்டினேன். மாமா ஒரு நாள் நிதானமாச் சொன்னார்: "மாப்ள, இதுக்கு ஒரு எருமைய வாங்கிக் கட்டியிருந்தா பாலாச்சும் கறந்திருக்கலாம்." 2021 ஜூலையில 95,000-க்கு வித்தேன். வித்ததுக்கு அப்புறமும் 11 இஎம்ஐ பாக்கி. இல்லாத வண்டிக்கு மாசாமாசம் பணம் கட்டுறது எப்படி இருக்கும்னு கட்டினவங்களுக்குத்தான் தெரியும்.

கணக்கு இதோ. லோனுக்குக் கட்டினது 3,69,000. பெல்ட், செயின், கார்புரேட்டர், டாடா ஏஸ் வாடகை எல்லாம் சேர்த்து 38,000. வித்த காசு கழிச்சா 3,12,000 செலவு. மொத்தம் ஓட்டினது 13 நாள். ஒரு நாளைக்கு 24,000 ரூபாய். ஆஸ்பத்திரி பில் இதுல சேரல.

அதனால என் கருத்து இதுதான்: சொந்தமா நிலமோ தோப்போ இல்லாத சம்பளக்காரங்க, முதல் வண்டியா பக்கி வாங்கக்கூடாது. ஆசைய விடச் சொல்லல. திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போற வண்டியே ஞாயித்துக்கிழமை மலை ஏறணும். வாரத்துல அஞ்சு நாள் அது தன் செலவ நியாயப்படுத்தும்.

சரி, எத வாங்கலாம்?

மலை ஏறுறதுக்கு குதிரைத்திறன் முக்கியம்னு நினைக்காதீங்க. மெதுவா ஏறத் தெரியணும், மெதுவா இறங்கத் தெரியணும். நாலு சக்கர வண்டியில இதுக்குன்னே இருக்குறது லோ ரேஞ்ச் கியர். இன்ஜின் இழுவைய அது பெருக்கிக் கொடுக்கும், நடக்குற வேகத்துல கிளட்ச் கருகாம பாறை ஏறலாம். இறங்கும்போது பிரேக்க மிதிக்காமலே இன்ஜின் வண்டியப் பிடிச்சு வச்சுக்கும். என் பக்கியில இல்லாதது இதுதான். அடுத்தது எடை. கனம் குறைஞ்ச வண்டி மாட்டிக்கிட்டா நாலு பேர் தள்ளி எடுத்துடலாம். ரெண்டு டன் வண்டி மாட்டினா டிராக்டர் தேடணும், டிராக்டர்காரர் சொல்றதுதான் அன்னிக்கு ரேட்டு.

ரெண்டு சக்கரம் போதும்னா 200 சிசி அளவுல ஒரு டூயல் ஸ்போர்ட் பைக். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மாதிரி: தரைக்கும் இன்ஜினுக்கும் நடுவுல 220 மி.மீ. இடைவெளி, எடை 160 கிலோவுக்குள்ள. விழுந்தா நீங்களே தூக்கி நிறுத்தலாம், முதல் வருஷம் கண்டிப்பா விழுவீங்க. ஹிமாலயன் 450 நல்ல வண்டி, ஆனா 196 கிலோ. வரி வித்தியாசமும் இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40. கத்துக்குறதுக்கு வாங்குற வண்டிக்கு 40 சதவீத வரி எதுக்கு?

நாலு சக்கரம்தான் வேணும்னா என் மனசு போறது பழைய ஜிப்ஸி பக்கம். 1985-ல வந்த வண்டி, 2019-ல பொதுமக்களுக்கு விக்கிறத நிறுத்திட்டாங்க. 1.3 லிட்டர் பெட்ரோல், 80 குதிரைத்திறன், 4×4, லோ ரேஞ்ச், எடை ஒரு டன்னுக்குள்ள. இத விட பக்கிக்கு நெருக்கமா ஆர்சி உள்ள வண்டி நம்ம நாட்டுல கிடைக்காது. ஏசி கிடையாது, சீட்டு சுகம் கிடையாது, மைலேஜப் பத்திப் பேசவே வேண்டாம். பார்த்து வாங்கணும்: சேஸிஸ் துரு, ஃபோர் வீல் லீவர் உண்மையிலேயே வேலை செய்யுதா, ஆர்சியில எழுதியிருக்குற இன்ஜின்தான் உள்ள இருக்கா. 15 வருஷம் தாண்டினா ஆர்சி புதுப்பிக்கணும், 5 வருஷத்துக்கு ஒரு தடவை, பசுமை வரியும் வரும்.

புதுசு வேணும்னா ஜிம்னி, எல்லா வேரியன்ட்டும் 4×4, எல்லாத்துலயும் லோ ரேஞ்ச். தார் வாங்குறவங்க மட்டும் ஜாக்கிரதை. 2023-ல இருந்து பின் சக்கரம் மட்டும் ஓடுற தாரும் வருது. பார்க்க அதே முகம், 1.5 டீசலா இருந்தா வரியும் 18 சதவீதம்தான், விலை குறையும். மலைல சேறு பார்த்ததும் நிக்கும். ஆனா ஒண்ணு, கைக்கு 60,000 வாங்குறவங்க 13 லட்சம் வண்டிக்கு ஏழு வருஷ லோன் போட்டு "ஆஃப்ரோடு பண்றேன்"னு சொன்னா, கீறல் விழுமோன்னு பயந்துக்கிட்டு மால் பார்க்கிங்லதான் ஓட்டுவாங்க. நான் பார்த்திருக்கேன். பாறையில உரசினா நெஞ்சு பதறாத விலையில இருக்குறதுதான் முதல் வண்டி.

வண்டி விலைய மட்டும் ஒதுக்கிட்டு நிக்காதீங்க, அதுல கால் பங்க தனியா எடுத்து வைங்க. டயர், இழுக்குற கயிறு, ஷேக்கிள், காத்து அடிக்கிற பம்பு, ஹெல்மெட், முழங்கால் காப்பு, ஒரு நாள் பயிற்சி. என்னக் கேட்டா பயிற்சிதான் முதல் செலவு.

இன்சூரன்ஸ் பாலிசியில பயன்பாட்டு வரம்புன்னு ஒரு பகுதி இருக்கும், அத வாசிங்க. ரேஸ், வேகப் பந்தயம், ரிலையபிலிட்டி டிரையல் எல்லாம் கவர் ஆகாது. ஓடையில இறங்கி இன்ஜினுக்குள்ள தண்ணி போச்சுன்னா, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம க்ளெய்ம் நிக்காது. உடம்புக்கு எடுக்குற ஹெல்த் இன்சூரன்ஸ்ல, சாகச விளையாட்டத் தொழிலாப் பண்றவங்களுக்குத்தான் பொதுவான விலக்கு. ஞாயித்துக்கிழமை ஓட்டுறவங்களுக்கு அது பொருந்தாது. ஆனா விபத்துக் காப்பீட்டுல வேற மாதிரி எழுதியிருக்கலாம், தனியாப் பாருங்க. கம்பெனி கொடுக்குற குரூப் பாலிசிய மட்டும் நம்பி மலை ஏறாதீங்க. ஏன்னு மேல சொல்லிட்டேன்.

இடம்னு வரும்போது ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம், ட்ரெயில் வீடியோவுல யார் போனாலும் சரி. சென்னைக் கடற்கரையில ஜனவரியில இருந்து பங்குனி ஆமைங்க முட்டையிட வரும், மணல்ல வண்டி ஓட்டினா கூடு நசுங்கும். ஊர்க்காரங்க நிலத்துல ஓட்டணும்னா அவங்ககிட்டக் கேட்டுட்டு ஓட்டுங்க.

இதெல்லாம் வேண்டாம், அந்த அனுபவம் மட்டும் போதும்னா, கொழுக்குமலைக்குப் போங்க. தோட்டம் தேனி மாவட்டத்துல இருக்கு, வண்டிப் பாதை மட்டும் கேரளா சூரியநெல்லி வழியா. உள்ளூர் ஜீப்லதான் ஏறணும். விடியக்காலைல அந்த டிரைவர் பக்கத்துல உக்காந்து, எந்த இடத்துல கியர் மாத்துறார், எந்தக் கல்ல விட்டு எந்தக் கல்லு மேல டயர வைக்கிறார்னு பாருங்க. நாலஞ்சு பேர் பங்கு போட்டா ஒரு சினிமா, பாப்கார்ன் செலவுதான் வரும்.

2022 ஜூன்ல கடைசி இஎம்ஐ முடிஞ்சதும், அடுத்த மாசம் அதே 10,000-த்த ஆர்டில போட ஆரம்பிச்சேன். அந்தப் பணம் இல்லாம வாழத்தான் பழகிட்டேனே. மூணு வருஷம், வட்டியோட கிட்டத்தட்ட 4 லட்சம். எமர்ஜென்சி ஃபண்டத் தொடல. போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு 2011 ஜிப்ஸி வாங்கினேன். அந்தக் கரட்டுக்கே கொண்டு போனேன், அதே நண்பன் பக்கத்து சீட்ல. ஏறி உக்காந்ததும் முதல்ல சீட் பெல்ட்டப் போட்டான், ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தான். அப்புறம்தான் "ம், போலாம்"னான்.